வரியும் உபயமும்: உலக சுகாதார ஸ்தாபனத்தின் பணம் எங்கிருந்து வருகிறது?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தோல் கிளினிக்கில் ஒருவருக்குத் தொழுநோய் என்று உறுதியானால், அவர் கையில் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுப்பார்கள். 28 நாளுக்கான அட்டை அது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்று மூன்று மருந்துகள் அதில் இருக்கும். முதல் நாள் மாத்திரைகளைக் கிளினிக்கிலேயே விழுங்க வேண்டும், மிச்சம் 27 நாளைக்கும் வீட்டில். சிறுநீர் சிவக்கும், தோல் கொஞ்சம் கறுக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள். மாதாமாதம் வந்து அடுத்த அட்டையை வாங்கிப் போக வேண்டும். ஒழுங்காகக் குடித்து முடித்தால் நோய் முற்றாகக் குணமாகும்.

அந்த அட்டைக்கு நோயாளி ஒரு சதமும் கட்டுவதில்லை. இலங்கை அரசும் அதை விலைக்கு வாங்குவதில்லை. 1995 முதல் உலகம் முழுவதும் தொழுநோய்க்கான இந்தக் கூட்டு மருந்தை உலக சுகாதார ஸ்தாபனம்தான் இலவசமாக அனுப்பி வருகிறது. கிழக்குக் கரையோரத்தில் தொழுநோய் இன்றும் முற்றாக ஒழியவில்லை. நோயாளிகளைப் பிரித்து வைக்க மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவில் ஒரு வைத்தியசாலையே இருந்தது. எங்கள் ஊர்களில் வயதுபோன எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவில் நிற்பது இந்த அட்டைதான்.

அப்படியென்றால் இது யாருடைய காசு? உலக சுகாதார ஸ்தாபனத்துடையது என்று சொன்னால் பாதிப் பதில்தான். ஸ்தாபனத்துக்கென்று சொந்த வருமானம் கிடையாது. யாரோ கொடுத்தால்தான் உண்டு. முதல் ஐந்து வருடம் இந்த மருந்துக்குப் பணம் போட்டது ஜப்பானின் நிப்பொன் பவுண்டேஷன் என்ற தனியார் அமைப்பு. 2000 ஆம் ஆண்டிலிருந்து சுவிற்சர்லாந்தின் நோவார்டிஸ் கம்பனி மருந்தாகவே அன்பளிப்புச் செய்கிறது. எந்த நாட்டின் கட்டாயச் சந்தாவும் இதற்கு அடிப்படை இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், ஸ்தாபனத்திலிருந்து அமெரிக்கா விலகியது ஏன், அதனால் ஏன் இவ்வளவு கலவரம் என்ற கேள்விகளெல்லாம் தாமாகவே அவிழும்.

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் குடும்பங்கள் எல்லாம் வரி கட்டும். அது கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் கைக்குப் போய், கரண்ட் பில், வாகனத் திருத்தம், கிணறு இறைப்பு என்று எது தேவையோ அதற்குச் செலவாகும். இதைவிட, ஒவ்வொரு குடிக்கும் (தாய்வழிக் குடும்பக் கூட்டத்துக்கும்) ஒவ்வொரு நாள் திருவிழா இருக்கும். அன்றைய பூ அலங்காரம், மேளம், அன்னதானம் எல்லாம் அந்தக் குடியின் உபயம். உபயகாரர் எதற்குக் கொடுத்தாரோ அதற்குத்தான் அந்தக் காசு. ஐந்தாம் நாள் மேளத்துக்கு வந்த பணத்தில் கிணறு இறைக்க முடியாது.

உலக சுகாதார ஸ்தாபனத்துக்கும் இப்படி இரண்டு வழியில்தான் பணம் வருகிறது.

முதலாவது, உறுப்பு நாடுகள் கட்டியே ஆக வேண்டிய கட்டாயப் பங்களிப்பு. எந்த நாடு எவ்வளவு என்பதை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போடும் பட்டியலை ஒட்டித் தீர்மானிக்கிறார்கள். நாட்டின் மொத்த வருமானம்தான் அடிப்படை. தலைக்கு வருமானம் குறைந்த நாட்டுக்கும் கடன் சுமை கூடிய நாட்டுக்கும் கழிவு உண்டு. எந்த நாடும் 22 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியதில்லை; எந்த நாடும் 0.001 சதவீதத்துக்குக் கீழே போகவும் முடியாது. அந்த 22 ஐக் கட்டிவந்தது அமெரிக்கா. 2000 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஒரு சதவீதம் கட்டிய சீனா இப்போது 20 சதவீதத்தில் நிற்கிறது. 2022, 2023 இல் இலங்கையின் பங்கு 0.045 சதவீதத்தை அண்டியிருந்தது. ஒவ்வொரு 100 டொலரிலும் நாலரைச் சதம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலக் கணக்கில் அது வருடத்துக்கு 2 இலட்சம் டொலரைச் சற்றுத் தாண்டும். ஒரு நாட்டின் செலவுக் கணக்கில் இது கண்ணுக்குத் தெரியாத தொகை.

இரண்டாவது, விருப்பப் பங்களிப்பு. நாடுகளும் கொடுக்கலாம், அறக்கட்டளைகளும் கொடுக்கலாம், கம்பனிகளும் கொடுக்கலாம். இதில் மிகப் பெரும்பகுதி உபயம்தான்; இன்ன நோய்க்கு, இன்ன நாட்டுக்கு, இன்ன வேலைக்கு என்று முடிச்சுப் போட்டே வரும்.

எது கூட என்று கேட்டால், பலர் கட்டாயப் பங்களிப்புத்தான் கூட என்று நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. ஸ்தாபனம் இரண்டு வருடத்துக்கு ஒரு வரவுசெலவுத் திட்டம் போடும். 2024, 2025 ஆண்டுகளுக்குப் போட்டது 683 கோடி டொலர். அதில் கட்டாயப் பணம் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 2022, 2023 இரண்டு ஆண்டிலும் அது கொடுத்தது ஏறத்தாழ 128 கோடி டொலர். கட்டாயம் கட்ட வேண்டியிருந்தது அதில் ஆறில் ஒரு பங்களவுதான். மற்றதெல்லாம் அமெரிக்கா தானாகத் தெரிவுசெய்த வேலைகளுக்குப் போனது. கேட்ஸ் அறக்கட்டளை ஒரு நாடு அல்ல. அதற்கு ஆசனமும் இல்லை, வாக்கும் இல்லை. ஆனாலும் பெருந்தொகை கொடுப்போர் வரிசையில் பல ஆண்டுகளாக முன்னால் நிற்கிறது. அதன் பணத்தில் பெரும்பகுதி போலியோ ஒழிப்புக்குப் போகிறது. போலியோவை ஒழிப்பது நல்ல காரியம் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பணத்தை எடுத்து எலிக்காய்ச்சலுக்குச் செலவழிக்க முடியாது. அம்பாறையில் வயலில் இறங்குகிற மனிதருக்கு எலிக்காய்ச்சல்தான் பக்கத்தில் நிற்கும் ஆபத்து.

ஆரம்பத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1948 ஏப்ரல் 7 இல் ஸ்தாபனம் தொடங்கியபோது கட்டாயப் பணம்தான் முதுகெலும்பு. அதே ஆண்டு ஜூலையில் இலங்கை உறுப்பு நாடானது. 1980களில் பணக்கார நாடுகள் கட்டாயத் தொகையை உண்மைப் பெறுமதியில் கூட்ட விடமாட்டோம் என்று நின்றன. 1993 இல் இன்னும் ஒரு படி போய், விலைவாசி ஏறினாலும் தொகை ஏறக்கூடாது என்று முடிவானது. வருடாவருடம் சாமான் விலை ஏற, வரி மட்டும் அதே இடத்தில் நின்றது. அந்த இடைவெளியை நிரப்பியது உபயப் பணம். 1990 அளவிலேயே அது கட்டாயப் பணத்தை முந்திவிட்டது.

பணக்கார நாடுகள் ஏன் அப்படிச் செய்தன? ஸ்தாபனத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. அமெரிக்காவுக்கும் ஒன்று, இலங்கைக்கும் ஒன்று. உலக வங்கியில் அப்படியில்லை. அங்கே போட்ட முதலுக்கு ஏற்ப வாக்கு. மே மாதத்தில் ஜெனீவாவில் கூடும் உலக சுகாதாரப் பேரவையில் கட்டாயப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று எல்லா நாடுகளும் சேர்ந்து தீர்மானிக்கும். ஏழை நாடுகள்தான் எண்ணிக்கையில் கூட. உபயப் பணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. என் பார்வையில் முழுச் சண்டையின் வேர் இதுதான்.

இதில் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே 1970களின் தொடக்கத்தில் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் மூலம், கம்பனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே மலிவாக மருந்து இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஏழை நாடுகளுக்கு இது ஒரு முன்மாதிரியானது. 1977 இல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. பெரிய மருந்துக் கம்பனிகளுக்கு அந்தத் திட்டம் பிடிக்கவில்லை. 1985 இல் அமெரிக்கா தன் கட்டாயப் பங்களிப்பை நிறுத்திவைத்தது. அத்தியாவசிய மருந்துத் திட்டத்தின் மேலிருந்த அதிருப்தியும் அதற்கு ஒரு காரணம். எங்கள் பாமஸிகளில் மலிவு மருந்து கிடைக்க வழிகோலிய அதே கொள்கை, அங்கே பணத்தை நிறுத்துவதற்குக் காரணமானது.

உறுப்பினராவது எப்படி, விலகுவது எப்படி

சேருவது இலகு. ஐக்கிய நாடுகளில் உறுப்பினராக உள்ள நாடு, ஸ்தாபனத்தின் யாப்பை ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டால் போதும். ஐ.நா.வில் இல்லாத நாடென்றால் பேரவையில் சாதாரணப் பெரும்பான்மை வாக்குக் கிடைக்க வேண்டும். பசுபிக் கடலின் குக் தீவுகளும் நியுவேயும் ஐ.நா.வில் இல்லை, இங்கே இருக்கின்றன. ஐ.நா.வில் இருக்கும் லிக்டன்ஸ்டைன் இங்கே இல்லை. இன்று மொத்தம் 194 உறுப்பு நாடுகள். அமெரிக்காவின் விலகலை ஏற்றுக் கழித்தால் 193.

கட்டாயப் பணத்தைக் கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? யாப்பின் 7 ஆம் பிரிவின்படி வாக்குரிமையை நிறுத்திவைக்கலாம். வழக்கமாக இரண்டு வருடத் தொகைக்குச் சமமான நிலுவை சேர்ந்தால் இந்தப் பேச்சு எழும். ஆனால் உறுப்புரிமை போகாது.

விலகுவதுதான் சிக்கல். யாப்பில் விலகுவதற்கு வழியே எழுதப்படவில்லை. நோய்க்கு எல்லை கிடையாது, எந்த நாடும் வெளியே நிற்கக்கூடாது என்பது அதை எழுதியவர்களின் எண்ணம். 1949 இல் சோவியத் ஒன்றியமும் அதைச் சேர்ந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் விலகுகிறோம் என்று கடிதம் அனுப்பின. ஸ்தாபனம் அதை ஏற்கவில்லை. இவர்கள் செயற்படாத உறுப்பினர்கள் என்று பதிந்து வைத்தது. ஸ்டாலின் இறந்த பிறகு, 1950களின் நடுப்பகுதியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். இல்லாத வருடங்களுக்கான முழு நிலுவையையும் கேட்காமல் அடையாளத் தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள்.

அந்தக் கதவு திறந்ததால் உலகத்துக்குக் கிடைத்தது சாதாரணமானதல்ல. 1958 இல் பேரவைக்கு வந்த சோவியத் பிரதிச் சுகாதார அமைச்சர் விக்டர் ஷ்தானோவ், பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்று முன்மொழிந்தார். சோவியத் ஒன்றியம் கோடிக்கணக்கில் தடுப்பூசி கொடுத்தது. பின்னர் அந்த ஒழிப்புத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டி.ஏ. ஹென்டர்சன் என்ற அமெரிக்கர். இரண்டு நாடுகளும் அணுகுண்டைக் காட்டி ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1980 மே 8 இல் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று பேரவை அறிவித்தது. பழைய ஆட்களின் கையில் இருக்கும் அம்மைப்பால் தழும்பு இன்றைய பிள்ளைகளின் கையில் இல்லாததற்குக் காரணம், விலகிய நாட்டுக்குத் திரும்பி வர வழி வைத்திருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவின் கதை வேறு. 1948 இல் சேரும்போதே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு நிபந்தனை போட்டது: ஒரு வருட முன்னறிவித்தலுடன் விலகும் உரிமை எங்களுக்கு உண்டு; ஆனால் அந்த நிதியாண்டுக்கான கடமைப்பட்ட தொகையை முழுமையாகக் கட்டிவிட்டே விலகுவோம். பேரவை அதை ஏற்றுக்கொண்டது. எனவே வெளியேறும் வழியைத் தனக்கென்று கையோடு கொண்டுவந்த நாடு அமெரிக்கா. 2020 ஜூலையில் ஜனாதிபதி ட்ரம்ப் முதல் அறிவித்தல் கொடுத்தார். வருடம் முடியமுன் பதவிக்கு வந்த பைடன், 2021 ஜனவரி 20 ஆம் திகதி அதை மீளப் பெற்றார். 2025 ஜனவரி 20 இல் மறுபடி பதவியேற்ற அன்றே ட்ரம்ப் விலகல் ஆணையில் கையெழுத்திட்டார். 2026 ஜனவரி 22 உடன் ஓராண்டு முடிந்தது, விலகல் பூர்த்தியாகிவிட்டது என்று அமெரிக்கா அறிவித்தது. 2024, 2025 ஆண்டுகளுக்கான நிலுவை ஏறத்தாழ 26 கோடி டொலர் கட்டப்படவில்லை. 1948 இன் நிபந்தனைப்படி பணம் கட்டாமல் விலகல் முழுமையாகுமா என்பதுதான் இப்போதைய சர்ச்சை. ஆர்ஜென்டினாவும் 2025 பெப்ரவரியில் விலகும் முடிவை அறிவித்தது. ஆனால் அமெரிக்காவைப்போல முன்கூட்டியே போட்ட நிபந்தனை அதனிடம் இல்லை.

அமெரிக்கா சொன்ன காரணங்களை அப்படியே தூக்கி எறியவும் கூடாது. கோவிட் தொடக்கத்தில் ஸ்தாபனம் மெதுவாக நடந்தது என்பதை, ஹெலன் கிளார்க்கும் எலன் ஜோன்சன் சேர்லீஃபும் தலைமை தாங்கிய சுயாதீனக் குழுவே 2021 இல் சுட்டிக்காட்டியது. அவசரநிலை அறிவிப்பை இன்னும் முன்னரே செய்திருக்கலாம் என்றது. ஆனால் அதே குழு சொன்ன மருந்து வேறு. உறுப்பு நாடுகளின் கட்டாயப் பங்களிப்பை அடிப்படை வரவுசெலவில் மூன்றில் இரண்டாக உயர்த்துங்கள், அப்போதுதான் எந்தப் பெரிய நாட்டுக்கும் பயப்படாமல் பேச முடியும் என்றது. சீனா குறைவாகக் கட்டுகிறது என்ற குற்றச்சாட்டும் கட்டாயப் பங்கைப் பொறுத்தவரை இன்று பொருந்தாது. விருப்பப் பங்களிப்பில்தான் சீனா பின்தங்கி நிற்கிறது.

யார் நாடு, யார் நாடு இல்லை என்ற சண்டையும் இங்கே வந்து சேரும். தாய்வான் அரசு தொடக்க உறுப்பினர்; 1972 இல் அந்த ஆசனம் பீஜிங்குக்குப் போனது. 2009 முதல் 2016 வரை பார்வையாளராக அழைக்கப்பட்ட தாய்வானை, 2017 இலிருந்து அழைப்பதில்லை. பலஸ்தீனம் 1989 இல் உறுப்புரிமை கேட்டபோது, ஏற்றுக்கொண்டால் பணத்தை நிறுத்துவோம் என்று அமெரிக்கா மிரட்டியது; பேரவை அதைத் தள்ளிப்போட்டது. 2024 மே மாதத்தில் பலஸ்தீனத்துக்குக் கூடுதல் உரிமைகள் கிடைத்தன, வாக்கு கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஓர் அமைப்பு எல்லோருக்கும் பொதுவாக நிற்பது எவ்வளவு பெறுமதியானது என்பதை எங்கள் மண் நேரிலேயே கண்டிருக்கிறது. போர்க்காலத்தில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஒரு தரப்பின் கட்டுப்பாட்டிலும் மேற்கே படுவான்கரை மற்றத் தரப்பின் கட்டுப்பாட்டிலும் இருந்த 1990களின் நடுப்பகுதியில், போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகக் குறிப்பிட்ட நாட்களில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. யுனிசெஃப், செஞ்சிலுவைக் குழு, உலக சுகாதார ஸ்தாபனம் போன்ற அமைப்புகளை இரண்டு தரப்பும் நம்பியதால்தான் அது முடிந்தது. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் பதிவானவர்.

பெரிய உபயகாரர் எழும்பிப் போனால்

2026, 2027 ஆண்டுகளுக்கு முதலில் 530 கோடி டொலர் கேட்டிருந்த ஸ்தாபனம், கடைசியில் 420 கோடியில் வந்து நின்றது. பணியாளரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறையும் என்று 2025 நவம்பரில் சொன்னது. இவை தூரத்து எண்கள்போலத் தெரியலாம். ஆனால் சின்னமுத்துக் (தட்டம்மை) கதையைப் பாருங்கள்.

2019 இல் சின்னமுத்து ஒழிந்த நாடு என்ற சான்றிதழை இலங்கை பெற்றது. 2023 இல் நோய் மறுபடி தலைகாட்டியது. 2024 ஜனவரியில் ஒன்பது பகுதிகளில் 6 மாதத்திலிருந்து 9 மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட்டார்கள்; கல்முனையும் அதில் ஒன்று. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலும் தோலில் சிவப்புப் பருவும் வந்தால் அது சின்னமுத்துவா, ருபெல்லாவா, வேறு ஏதாவதா என்று பார்வையால் சொல்ல முடியாது. இரத்தம் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போக வேண்டும். அந்த நிறுவகம், உலக சுகாதார ஸ்தாபனம் ஒருங்கிணைக்கும் 700க்கும் மேற்பட்ட ஆய்வுகூடங்களின் வலையமைப்பில் ஒன்று. பரிசோதனை சரியாக நடக்கிறதா என்று தரம் பார்ப்பதும், ஒரு நாட்டுக் கிருமியை மற்ற நாட்டுக் கிருமியோடு ஒப்பிட்டு அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதும் அந்த வலையமைப்பின் வேலை. உலகளாவிய அந்த வலையமைப்பை முழுக்க முழுக்கத் தாங்கி நின்றது ஒரே ஒரு நாட்டின் பணம். அது அமெரிக்கா.

700 ஆய்வுகூடங்களை ஒரே உபயத்தில் கட்டிப்போட்டது அமெரிக்காவின் குற்றம் இல்லை. கொடுத்தவர் கொடுத்தார், நல்லதைத்தான் செய்தார். தவறு 194 நாடுகளினுடையது. பொது வேலையைப் பொதுப் பணத்தில் செய்யாமல் முப்பது வருடத்துக்கு மேலாகத் தட்டிக்கழித்து வந்திருக்கிறார்கள். இப்போதாவது அது விளங்கியிருக்கிறது. 2030, 2031 காலத்துக்குள் அடிப்படை வரவுசெலவில் பாதியைக் கட்டாயப் பணமாக்குவோம் என்று 2022 மே மாதத்தில் பேரவை ஒத்துக்கொண்டது. 2023 இல் 20 சதவீதம் ஏற்றினார்கள், 2025 இல் இன்னொரு 20 சதவீதம்.

கடன் நெருக்கடியில் இருக்கும் இலங்கைக்கு இது மேலதிகச் செலவுதானே என்று யாராவது கேட்டால், ஆம், செலவுதான். 2 இலட்சம் டொலரைச் சற்றுத் தாண்டியிருந்த தொகை, பங்கு அதே அளவில் நின்றால் இரண்டு ஏற்றத்தோடு 3 இலட்சத்தை அண்டும். என்னைக் கேட்டால் நாங்கள் சந்தோஷமாகக் கட்ட வேண்டிய காசு இது. வாக்கோடு சேர்ந்த பணம் இது மட்டும்தான். எலிக்காய்ச்சலுக்கோ பாம்புக்கடிக்கோ ஜெனீவாவில் பெரிய உபயகாரர் கிடைப்பது அருமை. அவற்றைப் பட்டியலில் ஏற்றுவதற்கு எங்களிடம் இருப்பது அந்த ஒரு வாக்கும், அதன் பின்னால் நிற்கும் முடிச்சில்லாத பணமும்தான்.

இதைச் சொந்தமாகப் பார்க்க விரும்புவோருக்கு வழி இருக்கிறது. ஸ்தாபனத்தின் வரவுசெலவு விபரம் அதன் இணையத்தளத்தில் நாடுவாரியாகத் திறந்தே கிடக்கிறது. இலங்கையைத் தெரிவுசெய்தால், எந்த வேலைக்கு எவ்வளவு வந்தது, யார் கொடுத்தது, முடிச்சோடா முடிச்சில்லாமலா என்பதைப் பார்க்கலாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் செயற்றிட்டம் தேடும் ஆசிரியர்கள் அங்கிருந்து தொடங்கலாம். அடுத்தடுத்த இரண்டு காலங்களை எடுத்து, கட்டாயப் பணம் எவ்வளவு ஏறியது, எந்த நோய்க்கான பணம் குறைந்தது என்று ஒப்பிட்டாலே போதும்.